டெஸ்ட் எழுத வேண்டாத பிள்ளை

போதகர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வாரத்து ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்து வந்தபோது, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தேவஆசீர்வாதம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேரன் பிறந்ததற்கு ஒரு கவர். போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு ஒரு கவர். அடுத்தது இவருடையது. “திரு. தேவஆசீர்வாதம், திருமதி எஸ்தர்ராணி குடும்பத்தார், தங்கள் மகள் செல்வி ஜெபிஷா கல்லூரியில் தகுதித் தேர்வு எழுதாமலே நேரடியாக வகுப்பில் சேரக் கிருபை கிடைத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்.” வாசகம் அவரே உட்கார்ந்து எழுதியது. ‘தேர்வு எழுதாமலே’ என்பதற்கு அடியில் ஒரு கோடு வேறு போட்டிருந்தார், அந்த இடத்தைப் போதகர் சும்மா கடந்து போய்விடக் கூடாதே என்று. போதகரும் நல்ல மனுஷன், அழுத்தித்தான் வாசித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் செருப்பு போடும் இடத்திலேயே ஜேம்ஸ்ராஜ் பிடித்துக்கொண்டார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் மகன் ஆண்ட்ரூஸுக்கும் அதே கல்லூரியில்தான் இடம் கிடைத்திருந்தது. அவன் தமிழ் மீடியம்.

“ஒமக்கென்ன வே, மக டெஸ்ட்டே இல்லாம உள்ள போயிட்டா. எம்பய சனிக்கெழம போயி எழுதணும். அதுல கோட்ட விட்டான்னா, ஆறு மாசம் காலைல எட்டு மணிக்கே மக்கு கிளாஸ்ல கொண்டு ஒக்கார வச்சிருவானுவளாம்.”

“எல்லாம் கர்த்தர் கிருப,” என்றார் தேவஆசீர்வாதம். வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு முழுக்க ‘நான் அன்றைக்கே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன், நீ சேர்க்கவில்லை’ என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷ சுபாவம், என்ன செய்ய?

கோவில்பட்டியில் இருக்கும் அந்தக் கல்லூரியில் இந்த வருஷம் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் வருஷம் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும். ஐம்பது கேள்வி. நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனவர்களுக்கு மட்டும் ஆறு மாதம் தினமும் காலையில் தனி வகுப்பு. பிரிட்ஜ் கோர்ஸ் என்று அதற்குப் பெயர். பாடப் புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் தமிழில் விளக்கி அடியிலிருந்து கொண்டு வருவார்களாம். பிளஸ் டூ வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடையாது. தேர்விலிருந்து விலக்கு, தேர்வே இல்லை என்னும்போது தனி வகுப்பும் இல்லை. ஜெபிஷாவின் மாற்றுச் சான்றிதழில் ‘பயிற்று மொழி: ஆங்கிலம்’ என்று அச்சடித்தாற்போல் இருந்தது. விலக்குப் பட்டியலில் பதினேழாவது பெயர் அவளுடையது. தேவஆசீர்வாதம் அதைப் போனில் படம் பிடித்து, தூத்துக்குடியில் இருக்கும் கொழுந்தியாள் வரைக்கும் அனுப்பி முடித்திருந்தார்.

அன்று மத்தியானம் கறிக்குழம்பு. அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது ஜெபிஷா சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“அப்பா, நானும் அந்த டெஸ்ட் எழுதுதேன்.”

“ஒனக்குத்தான் இல்லையே.”

“விலக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தா எழுதலாமாம். ஆபீஸ்ல கேட்டுட்டேன். அப்பாதான் கையெழுத்துப் போடணுமாம்.”

தேவஆசீர்வாதத்துக்குக் கையில் இருந்த எலும்பு கையிலேயே நின்றது. கல்லூரி திறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவள் சேர்ந்தது வேதியியல் வகுப்பு. மூன்று நாளும் அவள் வாயே திறக்காமல் வீட்டுக்கு வந்ததை அவரும் பார்க்காமல் இல்லை. புது இடம், புது முகங்கள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

“எதுக்குட்டி எழுதணும்? எழுதி எல்லாத்துக்கும் மேல மார்க் எடுத்துக் காட்டப் போறியா?”

“இல்லப்பா. பெயில் ஆகணும்.”

எஸ்தர்ராணி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். ஜெபிஷா மேற்கொண்டு சொன்னாள். மேடம் பாடம் நடத்துவது ஒன்றும் விளங்கவில்லை. மேடம் சிரித்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள், இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். நேற்று ஒரு கேள்வி கேட்டு எழுப்பினார்கள். கேட்டது கேள்விதானா என்பதே இவளுக்குத் தெரியவில்லை. எழுந்து ‘எஸ் மேடம்’ என்றாள். வகுப்பே சிரித்தது. அந்தக் காலை வகுப்பில் சேர்ந்தால்தான் தப்பிக்க முடியும். பெயில் ஆனால்தான் அதில் சேர்ப்பார்கள்.

“வெளங்கலன்னா?” தேவஆசீர்வாதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏழு வருசமா இங்கிலீஷ்லதான படிச்ச? எழுபத்தெட்டு பர்சன்ட் எடுத்திருக்கல்லா? கிறிஸ்துமஸ் ஆராதனைல சபையே வாயப் பொளந்து பாக்க இங்கிலீஷ் பைபிள் வாசிச்சியே, அது யாரு, ஒன் ஆவியா? இன்னைக்குத்தான் காணிக்க போட்டு வாசிச்சிருக்கு. சனிக்கெழம நீ அந்த வரிசைல போயி நின்னா ஜேம்ஸ்ராசு மூஞ்சில நான் எப்படிட்டி முழிக்க?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் எழுந்து கையைக் கழுவிவிட்டார். கறிக்குழம்பு அப்படியே கிடந்தது.

திங்கள் முழுக்கவும் செவ்வாய் சாயங்காலம் வரையும் அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. தேவஆசீர்வாதம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். சுற்றுவட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் பண்டல் ஏற்றி லாரி செட்டில் கொண்டு இறக்க வேண்டும். ஆனி மாசத்துக் காற்று மேற்கேயிருந்து வெறி பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. விதைப்புக்கு உழுது போட்ட கரிசலிலிருந்து புழுதி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. வண்டி ஓட்டுகிற நேரமெல்லாம் அவருக்கு அந்த ‘பெயில் ஆகணும்’ காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஊரில் எவனாவது பிள்ளை பெயில் ஆக வேண்டும் என்று கேட்டிருப்பானா?

அவர் பத்தாவதோடு நின்றவர். ஒரு சமயம் சாத்தூர்ப் பக்கம் செக்போஸ்ட்டில் வண்டியை மறித்த அதிகாரி, இங்கிலீஷில் இருந்த இவருடைய சரக்குத் தாளையே இவரிடம் நீட்டி, ‘இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமாய்யா ஒனக்கு?’ என்று கேட்டார். இவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்ததற்கு அர்த்தம் கேட்டார் அவர். இவர் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றி நின்ற டிரைவர்கள் முன்னால் அவர் அடித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மாசமே ஆறாம் வகுப்புக்குப் போக இருந்த ஜெபிஷாவை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டு சேர்த்துவிட்டார். அவள் அழுதாள். கூட்டாளிப் பிள்ளைகள் எல்லாம் தமிழ் மீடியம். ‘அழுதா அழட்டும்’ என்று சொன்னது இவர்தான்.

பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. வாசல் போர்டில் இங்கிலீஷ் மீடியம். உள்ளே வாத்தியார் தமிழில் கதை மாதிரி சொல்லிவிட்டு, கேள்வி பதிலை இங்கிலீஷில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரே வாத்தியார், இரண்டு மீடியத்துப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார். ஜெபிஷாவுக்கு நல்ல ஞாபகசக்தி. கமா, புள்ளி விடாமல் எழுதிவிட்டு வருவாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வண்டியை நிறுத்திக் கைகால் கழுவிவிட்டு வரும்போது, ஜெபிஷா ஒரு பழைய பைலை வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். எஸ்தர்ராணிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த பைல். இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

“இத வாசிக்கட்டுமாப்பா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவளே வாசித்தாள். மட மடவென்று, எங்கேயும் தடுக்காமல், நாக்கைச் சுழற்றி. ரேடியோ செய்தி கேட்கிறாற்போல் இருந்தது. கோபத்தில் இருந்தாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

“நல்லாத்தானட்டி வாசிக்க.”

“அன்னைக்கும் இப்படித்தான் வாசிச்சேன். டிஸ்சார்ஜ் ஆயி வந்த அன்னைக்கு. நீங்க, அம்மா, பெரியப்பா மூணு பேரும் கட்டில்ல ஒக்காந்து என் வாயவே பாத்துட்டு இருந்தீங்க. ‘என்னட்டி போட்டிருக்கு’ன்னு பெரியப்பா கேட்டாவ. மாத்திரைய விடாம போடணும், அடுத்த மாசம் வரணும்னு சொன்னேன்.” அவள் குரல் இறங்கியது. “எனக்கு ஒண்ணுமே வெளங்கலப்பா. சும்மா ஊகமா சொன்னேன். நேத்து ராத்திரி போன்ல ஒவ்வொரு வார்த்தையா போட்டுப் பாத்தேன். வலி மாத்திர பத்து நாளைக்குத்தான். அதுக்கப்புறம் நிப்பாட்டிரணும்னு போட்டிருக்கு. கொட்ட எழுத்துல போட்டிருக்கு.”

தேவஆசீர்வாதம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த மாத்திரையை எஸ்தர்ராணி ஒரு மாதம் விடாமல் சாப்பிட்டாள். வயிறு எரிகிறது என்பாள், சோறு இறங்கவில்லை என்பாள், கால் இரண்டும் வீங்கிப் போயிற்று. ஆபரேஷன் உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஐந்து நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, மறுபிறப்பு மாதிரித்தான் வீடு வந்தாள். டாக்டர் ‘யாரு இத்தன நாள் இந்த மாத்திரைய குடுத்தது?’ என்று சத்தம் போட்டார். தேவஆசீர்வாதம் நேரே மெடிக்கல் ஷாப் சண்முகராஜிடம் போய், பஜாரே வேடிக்கை பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தார். ‘நீங்கதான அண்ணாச்சி ஒரு மாசத்துக்குக் கேட்டீங்க’ என்று அவன் கும்பிடாத குறையாகச் சொன்னான். இன்றுவரை அந்தக் கடைப் பக்கமே இவர் போவதில்லை.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதான?” என்றார்.

“நீங்க வாசின்னு சொன்னீங்க, வாசிச்சேன். எந்தக் காலத்துலயாவது அர்த்தம் தெரியுதான்னு கேட்டிருக்கீங்களாப்பா? நான் நிறுத்தாம வாசிச்சாலே ஒங்களுக்குப் போதும். அந்தச் சந்தோஷத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்? ஆறாங்கிளாஸ்லயே சொல்லணும்னு நெனச்சேன். ஏழாங்கிளாஸ்லயும் நெனச்சேன். அப்புறம் சொல்ல முடியாத எடத்துக்கு வந்துட்டேன்.” அவள் பைலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “அம்மா செத்துப் போயிருப்பாப்பா.”

அடுப்படி வாசலில் நின்ற எஸ்தர்ராணி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிய பசை இன்னும் அவள் விரல்களில் காய்ந்திருந்தது. அந்த விரல்களால் மகளின் தலையைத் தடவினாள்.

“நீ சின்னப் புள்ள, ஒனக்கென்ன தெரியும்? நான் நல்லாத்தான இருக்கேன். அழாத.” பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆகி இருபது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. “வீராப்பு பேசுறத விட்டுட்டு புள்ள கேட்ட எடத்துல கையெழுத்தப் போடுங்க. அந்தக் காணிக்கக் கவர எழுதினது நீங்க, இவ இல்ல.”

அவர் வாசலில் போய் நின்றார். செக்போஸ்ட் அதிகாரி இவரைக் கேட்ட கேள்வியை இவர் மகளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அன்பாகக்கூடக் கேட்கவில்லை. அது தெரிந்தபோது அவருக்கு அழுகை வந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் மூக்கைச் சிந்துகிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை லோடு இல்லை என்று சொல்லிவிட்டு மகளோடு கல்லூரிக்குப் போனார். அலுவலக ஜன்னலில் வரிசை சுவரைச் சுற்றிக்கொண்டு நின்றது. எல்லாரும் விலக்கு கேட்டு வந்தவர்கள். ஒருத்தர் மகனுக்குக் கண் பார்வை சரியில்லை என்று டாக்டர் சீட்டோடு வந்திருந்தார். இடைசெவல் பக்கத்து விவசாயி ஒருவர், காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து சேர ஊரிலிருந்து பஸ்ஸே கிடையாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். நாலு ஆள் தள்ளி முன்னால் யார் என்று பார்த்தால், ஜேம்ஸ்ராஜ். தேவஆசீர்வாதத்துக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஜெபிஷா அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜெயப்பிரியா என்கிற கிளார்க். காலையிலிருந்து கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. பட்டியலில் விரலை ஓட்டினாள்.

“ஒங்க பாப்பாவுக்கு விலக்கு ஆயிருச்சே அண்ணாச்சி. பதினேழாவது பேரு, பாருங்க. நீங்க வரவே வேண்டாம்.”

“அத எடுக்கணும்மா.”

“எத?”

“அந்தப் பேர. எம்புள்ள டெஸ்ட் எழுதணும்.”

ஜெயப்பிரியா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “காலைலருந்து நூத்திச் சில்லறை பேரு விலக்கு குடுங்கன்னு உயிர வாங்கிட்டாங்க. குடுத்தத வேண்டாம்னு வந்த மொத ஆளு நீங்கதான்.” ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். “காரணத்த எழுதி நீங்களே கையெழுத்துப் போடணும். இல்லன்னா நாளைக்கு நீங்களே வந்து, எம்புள்ளய ஏன் அந்தக் கிளாஸ்ல போட்டீங்கன்னு சண்ட போடுவீங்க.”

அவர் சுவரில் தாளை வைத்து எழுதினார்: ‘சில குடும்பக் காரணங்களால்.’ ஜெயப்பிரியா வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“குடும்பக் காரணம்லாம் பிரின்சிபால் ஏத்துக்க மாட்டாரு. படிப்பு சம்பந்தமா சொல்லணும். இங்கிலீஷ் மீடியம்னு சர்டிபிகேட்ல இருக்கு. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?”

வரிசையில் சத்தம் அடங்கியிருந்தது. ஜேம்ஸ்ராஜ் தன் வேலை முடிந்தும் போகாமல் தூணில் சாய்ந்து நின்றார். தேவஆசீர்வாதம் மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் குனிந்தார். ஆனால் அந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டைதான். கத்தினால்தான் உள்ளே கேட்கும்.

“சர்டிபிகேட்ல இருக்கும்மா. எம்புள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது.” தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை, தெளிவாகச் சொன்னார். “வாசிக்கத் தெரியும். அர்த்தம் தெரியாது. ஏழு வருசம் கூட இருந்த அப்பன் நான், எனக்கே தெரியாமப் போச்சு. அவ அந்தக் காலை கிளாஸ்ல சேரணும். இததான் எழுதணும்னா எழுதிக் குடுக்கேன்.”

எழுதிக் கொடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஜெயப்பிரியா பதினேழாவது பெயரின் மேல் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். திரும்பும்போது ஜேம்ஸ்ராஜைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஜேம்ஸ்ராஜ் கேலியாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தார். ஜெபிஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எம்பய கூடவே வந்து போகட்டும்மா, காலைல ஒத்தையில வர வேண்டாம்,” என்றார். அவர் மகனுக்கு விலக்கு கிடைக்கவில்லை போலிருந்தது.

சனிக்கிழமை தேர்வு. காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை. தேவஆசீர்வாதம் கல்லூரி மதிலை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்ததும் முன்னூறு நானூறு பிள்ளைகள் மொத்தமாக வெளியே வந்தார்கள். சுடிதாரைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு ஜெபிஷா கடைசியில் வந்தாள். கையில் கேள்வித்தாளும், பதில் குறித்த தாளின் கார்பன் நகலும்.

அவர் இறங்கிப் பின்னால் போய் வண்டியின் பின்கதவை இறக்கினார். நகலை அதில் விரித்தார். ஐம்பது வரிசை, வரிசைக்கு நாலு வட்டம். எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு சில வட்டம் மட்டும் கறுத்திருந்தது. விரலை வைத்து எண்ணினார்.

“பதினொண்ணுதான் போட்டிருக்கியா?”

“ஆமாப்பா.”

“மத்ததெல்லாம்?”

“தெரியல. ஊகமா போடலாம்னு ஆண்ட்ரூஸ் சொன்னான். நான் போடல. தெரியாதத விட்டுட்டேன்.” அவள் நெற்றி வேர்வையைத் துப்பட்டாவால் துடைத்தாள். “ஆனா இந்தப் பதினொண்ணும் எனக்கு அர்த்தம் தெரியும்.”

காற்று தாளைப் பறிக்கப் பார்த்தது. அவர் இரண்டு உள்ளங்கையாலும் அதை அழுத்திப் பிடித்தார். பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டும், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டும் அவர்களைக் கடந்து போனார்கள். கறுத்திருந்த முதல் வட்டத்தைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டைவிரலை வைத்தார்.

“இது நாலாவது கேள்வி. இதுல என்னட்டி கேட்டிருக்கான்? எனக்குச் சொல்லு.”

ஜெபிஷா கேள்வித்தாளைப் பிரித்து, பின்கதவின் மேல் அவர் பக்கமாகக் குனிந்தாள். இங்கிலீஷில் ஒரு வார்த்தை வாசித்தாள், நின்றாள், யோசித்தாள், தமிழில் சொன்னாள். அடுத்த வார்த்தை. நின்று நின்று, ஒவ்வொன்றாக. அவர் தாளிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.